400 என்ற எண்: ஓக் ரிட்ஜ் ஓடைக்கரை மண்ணுக்குப் பாதரச வரம்பு நிர்ணயித்த நிகழ்வு

இடமும் பின்னணியும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஓக் ரிட்ஜ் நகரை ஒட்டி ஒய்-12 என்ற அணு ஆயுத ஆலை இருக்கிறது. ஹைட்ரஜன் குண்டுக்குத் தேவையான லித்தியம்-6ஐ (லித்தியத்தின் இலேசான வகை) பிரித்தெடுக்க 1950 முதல் 1963 வரை அங்கே பாதரசம் பயன்பட்டது. பாதரசத்தில் கரைந்த லித்தியமும் நீரில் கரைந்த லித்தியமும் உயரமான தூண்களுக்குள் எதிரெதிராக ஓடும்போது, லித்தியம்-6 பாதரசப் பக்கம் சற்றே கூடுதலாகச் சேரும். அந்தச் சிறு வேறுபாட்டைத் திரும்பத் திரும்பப் பெருக்கியெடுக்க வேண்டியிருந்ததால் பாதரசம் மலைபோல் தேவைப்பட்டது. ஆலைக்கு வந்தது ஏறத்தாழ 11,000 டன். அதில் சுமார் 900 டன் சிந்தியது, ஆவியானது, அல்லது கணக்கில் வராமல் போனது.

ஆலையின் கழிவுநீர் கிழக்குக் கிளை பாப்லர் ஓடையில் விழுந்தது. ஓடையில் கலந்த பாதரசம் முதல் மதிப்பீட்டின்படி சுமார் 108 டன். 1990களில் பழைய பதிவேடுகளை மறுபடி அலசியபோது அது சுமார் 127 டன்னாக உயர்ந்தது. 1957, 1958 ஆகிய ஆண்டுகளில்தான் வெளியேற்றம் உச்சத்தில் இருந்தது. ஏறக்குறைய 23 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஓடை வீடுகள், கடைகள், புல்வெளிகள் வழியாக நகரைக் கடந்து செல்கிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் பாதரசம் படிந்த வண்டல் இரு கரைத் தாழ்நிலத்திலும் பரவி, அடுக்கடுக்காகப் படிந்தது.

1983: வெளியே தெரிந்தது

இந்த அளவுகள் அரசு ரகசியமாக இருந்தன. 1982இல் அங்குள்ள ஆய்வகப் பணியாளர் ஒருவர் ஓடைக்கரைச் செடிகளைத் தன் முயற்சியில் எடுத்துச் சோதிக்கக் கொடுத்ததில் பாதரசம் தென்பட்டது. 1983 மே மாதத்தில் இழப்புக் கணக்கு பகிரங்கமாக வெளியானது.

அதற்குள் மண் ஓடைக்கரையோடு நிற்கவில்லை. தாழ்நில வண்டல் வளமான மேல்மண் என்பதால், நகரின் சாக்கடைக் குழாய்ப் பாதையை மூடவும் சில தோட்டங்களை நிரப்பவும் அள்ளிச் செல்லப்பட்டிருந்தது. மாசுபட்ட தலங்களில் இது அடிக்கடி நேரும் தவறு. வரைபடத்தில் ஓடையின் இரு கரையையும் கோடிட்டு அடைத்துவிட்டு உள்ளே மட்டும் மாதிரி எடுத்தால், லாரியில் ஏறிப் போன மண் கணக்கில் வராது. யார் எங்கே மண் கொட்டினார்கள் என்பதை ஒப்பந்தக்காரர்களையும் வீட்டுக்காரர்களையும் கேட்டுத்தான் பிடிக்க முடியும்.

மாநிலச் சுகாதாரத் துறை ஒரு கிலோ மண்ணுக்கு 12 மில்லிகிராம் என்ற இடைக்கால அளவை வைத்தது. விரிவான ஆய்வு முடியும்வரை எந்தத் தோட்டத்தை முதலில் கவனிப்பது என்று முடிவெடுக்க அது உதவியது. மக்கள் நேரடியாகப் புழங்கும் சில இடங்களில் மண் அகற்றப்பட்டது. 1989இல் முழு வளாகமும், மாசுபட்ட தலங்களைத் தூய்மைப்படுத்துவதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் ஓடைக்கரை மண்ணுக்கு நிரந்தர அளவு ஒன்று வேண்டியதாயிற்று. தூய்மைப் பணிக்குப் பொறுப்பு எரிசக்தித் துறை. முடிவுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் மாநில அரசும் ஒப்புதல் தர வேண்டும்.

முதல் கணக்கு: ஒரு குழந்தை, ஒரு சிட்டிகை மண்

இத்தகைய அளவு எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு முறை கைக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்த வாதம் புரியாது.

மண் வழியே அதிகம் பாதிக்கப்படக்கூடியவர் தரையில் விளையாடும் சிறு குழந்தை. பொதுவாக எடுத்துக்கொள்ளும் எடை 15 கிலோ. கைவிரல், பொம்மை, தூசி வழியாக அது நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்கும் என்பது வழக்கமான அனுமானம். கனிமப் பாதரசத்துக்கு (கார்பனோடு பிணையாத பாதரச உப்புகளுக்கு), வாழ்நாள் முழுதும் உட்கொண்டாலும் தீங்கு இராது என்று வைத்திருக்கும் தினசரி அளவு, உடல் எடை கிலோவுக்கு 0.0003 மில்லிகிராம். எலிகளின் சிறுநீரகத்தில் ஏற்பட்ட நோயெதிர்ப்புக் கோளாற்றை அடிப்படையாக வைத்து, ஆயிரம் மடங்கு பாதுகாப்பு இடைவெளி விட்டு இந்த எண்ணை வகுத்தார்கள்.

15 கிலோ குழந்தைக்கு ஒரு நாளுக்கு அனுமதி 0.0045 மில்லிகிராம், அதாவது 4.5 மைக்ரோகிராம். அதை 200 மில்லிகிராம் மண்ணால் வகுத்தால் வருவது, ஒரு கிலோ மண்ணுக்கு 22.5 மில்லிகிராம். வருடத்தில் 350 நாள் என்று சற்றுத் தளர்த்தினால் 23க்குக் கொஞ்சம் மேலே போகும். உண்மையான ஆய்வறிக்கையில் தோல், தூசி, காய்கறி, ஆவி என்று இன்னும் பல உறுப்புகள் உண்டு. எண்ணின் முதுகெலும்பு மட்டும் இதுவே.

இந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்தது மெர்க்குரிக் குளோரைடு, நீரில் எளிதில் கரையும் உப்பு. மண்ணில் இருக்கும் பாதரசமும் அதைப் போலவே குடலில் கரைந்து ரத்தத்தில் சேரும் என்று எடுத்துக்கொண்டால்தான் 22.5 வரும். ஓடைக்கரையிலோ ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டிய மாதிரிகளும் கிடைத்தன. 22.5ஐ அப்படியே தரமாக வைத்தால் தாழ்நிலத்தின் பெரும்பரப்பில் மரங்களை வெட்டி, சதுப்பு நிலங்களைச் சுரண்டி, மண்ணை வேறிடத்தில் புதைக்க வேண்டும். அதற்கு முன் மண்ணில் இருப்பது எந்தப் பாதரசம் என்று பார்த்தாக வேண்டியிருந்தது.

எந்தப் பாதரசம்?

தாழ்நில மண்ணை நுண்ணோக்கியிலும் எக்ஸ் கதிர் முறைகளிலும் ஆராய்ந்தபோது பாதரசத்தின் பெரும்பங்கு சல்பைடாக, அதாவது கந்தகத்தோடு பிணைந்து இருப்பது தெரிந்தது. இது ஆலையிலிருந்து அப்படியே வந்து சேர்ந்ததல்ல, மண்ணிலேயே உருவானது. வெள்ளத்தில் ஊறும் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் சல்பைடை வெளிவிடுகின்றன. அது பாதரசத்தைப் பிடித்து மெட்டாசின்னபார் என்ற கறுப்புக் கனிமமாக்குகிறது. பாதரச சல்பைடின் சிவப்பு வடிவமான சாதிலிங்கத்தின் உடன்பிறப்பு இது. இரண்டுமே நீரிலும் இரைப்பை அமிலத்திலும் மிகமிகக் குறைவாகவே கரையும்.

இப்படிப் பிரித்தறிய இன்று பரவலாகப் பயன்படுவது படிப்படிக் கரைப்பு. ஒரே மண் மாதிரியை முதலில் தூய நீரிலும், அடுத்து இரைப்பையை ஒத்த அமிலத்தன்மை கொண்ட நீர்த்த அமிலத்திலும், பிறகு 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலும் கரைப்பார்கள். பின் 12 மோலார் நைட்ரிக் அமிலம், கடைசியாக நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவையான ராஜதிராவகம். முதல் இரண்டு படிகளில் வருவது எளிதில் கரையும் உப்புகள். மூன்றாவதில் வருவது மக்கோடு பிணைந்தது. நான்காவதில் தனிமப் பாதரசம், அதாவது உலோகமாகவே இருப்பது. ராஜதிராவகத்துக்கு மட்டும் அசைந்து கொடுப்பது சல்பைடு.

ஆய்வகத்தில் தவறு நேரும் இடங்கள் இங்கே பல. நைட்ரிக் அமிலத்தை மட்டும் கொண்டு மொத்தப் பாதரசத்தை அளந்தால் சல்பைடு கரையாமல் அடியில் தங்கும், அளவு குறைவாகக் காட்டும். சல்பைடு மிகுந்த மண்ணில் இது சிறு பிழையாக இருக்காது. மாதிரியை 105 டிகிரி அடுப்பில் உலர்த்தினால் தனிமப் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். காற்றிலோ உறைநிலையிலோ உலர்த்த வேண்டும், ஈரப்பதத்துக்குத் தனிக் கூறு ஒன்றை ஒதுக்க வேண்டும். மண்ணில் பாதரச மணிகள் இருந்தால் ஒரே குழியின் இரு கூறுகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். அதை ஆய்வகப் பிழை என்று ஒதுக்காமல், கூறுகளின் எண்ணிக்கையையும் எடுக்கும் எடையையும் கூட்டுவதே சரி. விழுங்கும் கணக்குக்குக் கையில் ஒட்டும் நுண்மண்தான் பொருத்தம், 250 மைக்ரானுக்குக் கீழ் சலித்தது. இன்றைய வழிகாட்டிகள் 150 மைக்ரான் வரை இறங்கியிருக்கின்றன. சலிக்காத மண்ணின் அளவையும் சலித்த மண்ணின் கரைதிறனையும் ஒரே கணக்கில் பெருக்கினால் வரும் விடை எந்த மண்ணுக்கும் பொருந்தாது.

180இலிருந்து 400க்கு

மேலே போட்ட கணக்கைத் தலைகீழாகப் பார்ப்போம். ஒரு கிலோவுக்கு 180 மில்லிகிராம் பாதரசம் உள்ள மண்ணில் 200 மில்லிகிராமை விழுங்கினால் உள்ளே போவது 36 மைக்ரோகிராம். அனுமதி 4.5 என்பதால், கரையும் உப்போடு ஒப்பிட எட்டில் ஒரு பங்குக்கு மேல் உறிஞ்சப்படாத வரை அது பாதுகாப்பு. 400 மில்லிகிராம் என்றால் உள்ளே போவது 80 மைக்ரோகிராம். அதில் 5.6 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது. 22.5, 180, 400 மூன்றும் ஒரே நச்சியல் எண்ணிலிருந்து வருபவைதான். இடையில் மாறியது, மண்ணிலிருந்து உடலுக்குள் போகும் பங்கைப் பற்றிய அறிவு மட்டுமே.

1995 தொடக்கத்தில் மக்கள் கருத்துக்கு வந்த திட்டத்தில் இருந்த அளவு 180. பொதுக்கூட்டங்களில் வழக்கத்துக்கு மாறான ஒன்று நடந்தது. உள்ளூர்க்காரர்களில் பலர் அளவைத் தளர்த்தக் கோரினார்கள். சல்பைடு பற்றிய அளவீடுகளை அவர்கள் அறிந்திருந்தார்கள். செலவும் அவர்களை உறுத்தியது, காடு அழிவதும் உறுத்தியது. அதே ஆண்டில் கையெழுத்தான தீர்மானத்தில் அளவு 400 ஆனது. 1996இல் மத்திய அரசின் நச்சுப்பொருள் மற்றும் நோய்ப் பதிவு முகமை, 180, 400 இரண்டுமே மக்கள் உடல்நலத்தைக் காக்கப் போதுமானவை என்று கருத்துத் தெரிவித்தது.

அளவு இரட்டிப்பானால் தோண்டும் மண் பாதியாகும் என்று நினைப்பது தவறு. மாசு சீராகப் பரவியிருப்பதில்லை. சில திட்டுகளில் மிக அதிகம், மற்ற இடமெல்லாம் நடுத்தரம். 180க்கும் 400க்கும் இடைப்பட்ட மண் பெரும்பரப்பில் மெலிதாகப் பரவிக் கிடக்கும், 400ஐத் தாண்டியது திட்டுகளில் ஒடுங்கும். அதனால் எந்த எண்ணைப் பற்றிப் பேசும் முன்னும், ஐந்தாறு அளவுகளுக்குத் தோண்டும் பரப்பு எவ்வளவு, நீங்கும் பாதரசத்தின் எடை எவ்வளவு என்று ஒரே தாளில் வரைந்து மேசையில் வைப்பது நல்லது. விவாதத்தின் பாதிச் சூடு அங்கேயே தணியும்.

400 என்ற முடிவு, மண்ணை விழுங்கும் குழந்தைக்குத் தீங்கு வருமா என்று கேட்ட கேள்விக்குச் சரியான விடை என்றே கொள்ள வேண்டும். பின்னாளில் இதே ஓடைக்கரை மண்ணைச் செயற்கைச் செரிமானச் சோதனையில் வைத்தபோது, கரைந்த பங்கு சராசரியாக ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான் இருந்தது. சில மாதிரிகள் மட்டும் பத்தைத் தாண்டின. குழந்தை ஒரே குழியில் தினமும் விளையாடுவதில்லை, ஒரு பரப்பு முழுவதிலும் விளையாடுகிறது. ஆகவே இங்கே சராசரிக்குத்தான் எடை, அத்துமீறும் ஓரிரு மாதிரிகள் முடிவைக் கவிழ்ப்பதில்லை.

தோண்டிய இரண்டு ஆண்டுகள்

1996, 1997 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 34,000 கனமீட்டர் மண் அகற்றப்பட்டது. பெரும்பகுதி இரண்டு இடங்களில் இருந்தது: வானிலை மற்றும் கடலாய்வு அரசு நிறுவனத்தின் கட்டடத்தை ஒட்டிய தாழ்நிலம், ஒரு வணிக வளாகத்தை ஒட்டிய தாழ்நிலம். அள்ளிய மண் ஒய்-12 வளாகத்துக்குள்ளேயே உள்ள தொழிற்கழிவுப் புதைகிடங்குக்குச் சென்றது.

மீனில் குறையவில்லை

ஆலைக்குள் குழாய்களை மாற்றியும் வடிகால்களைச் சீரமைத்தும் எடுத்த நடவடிக்கைகளால் ஓடை நீரில் வெளியேறும் பாதரசம் 1980களிலிருந்து பெருமளவு குறைந்தது. கரை மண்ணும் அகற்றப்பட்டாயிற்று. ஆனாலும் ஓடையின் கீழ்ப்பகுதியில் வாழும் மீன்களின் தசையில் பாதரசம் அதே வேகத்தில் இறங்கவில்லை. 2001இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மீன் தசைக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். இந்த மீன்கள் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அதைத் தாண்டியே இருந்தன. மீனை உண்ண வேண்டாம் என்ற அறிவிப்புப் பலகைகள் ஓடைக்கரையில் நின்றன.

காரணம் வேதியியலில் இருக்கிறது. மீனில் சேர்வது மெத்தில் பாதரசம், அதாவது கார்பனோடு பிணைந்த பாதரசம். ஆக்சிஜனற்ற சேற்றிலும் கல்மேல் படரும் பாசிப் படலத்திலும் வாழும் சில நுண்ணுயிர்கள் கனிமப் பாதரசத்தை அப்படி மாற்றுகின்றன. இந்த மாற்றத்துக்குப் பொறுப்பான இரண்டு மரபணுக்களை 2013இல் கண்டறிந்ததும் ஓக் ரிட்ஜ் ஆய்வகக் குழுவே. மெத்திலாக்கத்துக்கு நீரில் ஒரு லிட்டருக்குச் சில பத்து நானோகிராம் பாதரசமே போதும். மண் கணக்கு மில்லிகிராமில் நடக்கிறது, ஓடைக் கணக்கு அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோகிராமில் நடக்கிறது.

ஒரு சிறு பெருக்கல் இதைக் காட்டும். கிலோவுக்கு 100 மில்லிகிராம் பாதரசம் கொண்ட கரை மண், 400 என்ற தரத்தின்படி தொடத் தேவையற்ற மண். அதில் ஒரே ஒரு கிலோ இடிந்து ஓடைக்குள் விழுந்தால் 100 மில்லிகிராம் பாதரசம் நீரில் சேர்கிறது. டென்னசியின் நீர்த் தரம் லிட்டருக்கு 51 நானோகிராம். அந்த 100 மில்லிகிராம், ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் தூய நீரை அந்த வரம்பு வரை கொண்டுபோகப் போதும். துகளாக விழுவதெல்லாம் கரைந்துவிடாது என்பது உண்மைதான். எனினும் மழைக்காலத்தில் கரை இடிவது கிலோக் கணக்கில் அல்ல, டன் கணக்கில்.

பின்னர் கரையோரங்களை அலசியபோது, செங்குத்தான ஓடைக்கரையின் முகத்தில் 1950களின் வெளியேற்றக் காலத்தில் படிந்த கறுத்த அடுக்கு ஒன்று ஆங்காங்கே தென்பட்டது. சுற்றியுள்ள மண்ணைவிடப் பல மடங்கு பாதரசம் அதில் இருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஓடை அதைப் பக்கவாட்டில் அரித்துக்கொண்டே இருந்தது. ஓடையின் கீழ்ப்பகுதிக்குப் போகும் பாதரசத்தில் பெரும்பங்கு இப்போது இந்தக் கரைகளிலிருந்தே வருகிறது என்ற முடிவுக்கு ஆய்வுகள் வந்தன.

சல்பைடு கரையாது என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. மக்கிய இலைச்சாறு கலந்த நீர், தூய நீரைவிடக் கூடுதலாகச் சல்பைடைக் கரைக்கும். குழந்தையின் இரைப்பையில் மண் சில மணி நேரமே தங்குகிறது. ஓடையில் அதே மண் பல ஆண்டுகள் ஊறுகிறது.

இதையே மறுபடி செய்வதானால்

முதலில், தரத்தின் பெயரிலேயே அதன் எல்லையை எழுத வேண்டும். "ஓடைக்கரை மண்ணுக்கு 400" என்பதற்குப் பதில், "நேரடியாக விழுங்கும் மனிதருக்காக, மேல்மண்ணில், ஒரு பரப்பின் சராசரியாக 400" என்று. அப்படி எழுதியிருந்தால், மீனுக்கான எண் எங்கே என்ற கேள்வி அந்த வரியிலேயே எழுந்திருக்கும்.

அடுத்து, ஓடைக்கு அரிப்பு வழியாகப் போகும் மண்ணைத் தனி வழித்தடமாகக் கொண்டு தனிக் கணக்குப் போட வேண்டும். அதற்கு மண்ணின் செறிவு மட்டும் போதாது. கரை ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் பின்வாங்குகிறது, அடுக்கின் தடிமன் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்பவையும் தேவை. இரும்புக் கம்பிகளைக் கரைக்குள் கிடையாகச் செருகி, ஆண்டுதோறும் வெளியே நீட்டிய நீளத்தை அளந்தாலே அரிப்பு வேகம் கிடைத்துவிடும். செலவில்லாத வேலை, தோண்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கக்கூடியது. இந்தக் கணக்கின் விடை, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வராது. ஆண்டுக்கு இத்தனை கிராம் என்று வரும். அதைக் கட்டுப்படுத்தும் வழியும் பல நேரம் தோண்டுவதாக இராது, கரையைச் சரித்து வேர்பிடிக்கும் செடிகளால் கட்டுவதாக இருக்கும்.

மாதிரி எடுக்கும் முறையும் மாற வேண்டும். கட்டம் போட்டு மேலிருந்து கீழே துளையிடும் வழக்கம் கரை முகத்தின் கறுத்த அடுக்கைத் தவறவிடும். ஓடைக்குள் இறங்கி நடந்து, கரையின் முகத்தைச் செதுக்கிப் பார்த்து, அடுக்கு அடுக்காக எடுக்க வேண்டும். அகற்றிய குழியின் அடியைச் சரிபார்க்க களத்திலேயே மண்ணின் பாதரசத்தை அளக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி 400 என்ற அளவுக்குப் போதும். ஈரமண் அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால் ஒரு பகுதியை உலர்த்தி ஆய்வகத்தில் ஒப்பிட வேண்டும். ஒரு பரப்பு தரத்துக்குள் வந்துவிட்டது என்று அறிவிக்க வெறும் சராசரி போதாது, சராசரியின் 95 சதவீத நம்பக மேல் எல்லை (மாதிரிகளின் நிச்சயமின்மையையும் சேர்த்து, உண்மையான சராசரி எவ்வளவு உயரமாக இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு) தரத்துக்குக் கீழ் இருக்க வேண்டும்.

400ஐ வேறு தலத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. கொடைக்கானல் வெப்பமானி ஆலை மண்ணுக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்ற அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அங்கே சிந்தியது உலோகப் பாதரசம், தலம் சோலைக்காட்டை நோக்கிச் சரியும் மலைச்சரிவு. பாதரசத்தின் வடிவம், நீர் ஓடும் திசை, அந்த நீர் சேரும் இடத்தில் மீன் இருக்கிறதா என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் இரு எண்களை ஒப்பிட்டு ஒன்றைக் கடுமை என்றோ மற்றதைச் சலுகை என்றோ சொல்வதில் பொருளில்லை.

ஓக் ரிட்ஜில் பணி இன்னும் முடியவில்லை. ஆலையின் முக்கிய வெளியேற்று வாயில் வழியே வரும் நீரிலிருந்து பாதரசத்தை நீக்க ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு 2017இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய பாதரசக் கட்டடங்களை இடிக்கும்போது ஓடைக்குப் புதிதாக எதுவும் போய்விடாமல் தடுப்பதும் அதன் நோக்கம். கரை அரிப்பும் மீன் தசையும் தொடர்ந்து அளக்கப்பட்டு வருகின்றன.